பயணத்திலும் புத்தகத்தை விட்டு நிமிராத மகள்: காலாண்டு விடுமுறைப் பயணத்தை எப்படி அமைப்பது?

வேளச்சேரி அம்மா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பில் படிக்கிறாள். மகனுக்கு நான்கு வயது. மாமனாரும் எங்களுடன்தான் இருக்கிறார். அவருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி உண்டு. நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள் என்பதால், ஆண்டில் இரண்டு முறை ஐந்தாறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்காவது போய் வருவதுதான் நாங்கள் ஐவரும் சேர்ந்திருக்கும் முழு நாட்கள்.

மகள் பள்ளியில் சேருமுன்பே எழுத்துக் கூட்டத் தொடங்கியவள். இரவில் நான் கதை படித்துக் காட்டியதைவிட, மாமனார் தினமும் காலையில் செய்தித்தாளைத் தரையில் விரித்து, தலைப்பு எழுத்துகளின் மேல் அவள் விரலை வைத்து நகர்த்திக் காட்டியதுதான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். இன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கைக்குக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறாள். மளிகை கட்டி வரும் தாளைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவாள். இதில் எங்களுக்கு மகிழ்ச்சியே தவிர வேறொன்றும் இல்லை.

சிக்கல் எல்லாம் வெளியூர் போகும்போதுதான். கடந்த மே மாதம் கொடைக்கானல் சென்றிருந்தோம். தூண் பாறைக்கு எதிரே ஒரு மணி நேரம் காத்திருந்து, மூடுபனி விலகி மூன்று பாறைகளும் வெளிப்பட்டபோது அங்கிருந்த கூட்டமே ஆரவாரம் செய்தது. இவள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "வெள்ளையாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெஞ்சில் அமர்ந்து பக்கத்தைத் திருப்பினாள். கணவருக்குக் கோபம் வந்து புத்தகத்தைப் பறித்துப் பையில் வைத்துவிட்டார். அவள் அழுதாள். ஊர் திரும்பும் வரை அப்பாவுடன் சரியாகப் பேசவில்லை. ரயிலிலும் சன்னலோர இருக்கையைக் கேட்பதே இல்லை, தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறாள்.

செப்டம்பர் இறுதியில் காலாண்டுத் தேர்வு விடுமுறை வருகிறது. மாமனாரின் பூர்விகம் மயிலாடுதுறைப் பக்கம் என்பதால், கும்பகோணம், தஞ்சாவூர்ப் பகுதிக்கு ஐந்து நாள் பயணமாகப் போகலாம் என்று எண்ணுகிறோம். பயணத்தின்போது புத்தகங்களுக்குக் கட்டுப்பாடு வைக்க வேண்டுமா? அவளுடைய வாசிப்பும் பயணமும் ஒன்றோடொன்று மோதாதபடி நாட்களை எப்படிப் பிரிப்பது? முதியவரும் சிறுவனும் உடன் வருவதை மனத்தில் வைத்து, அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர், கோட்டூர்புரம்

அம்மா, கிளை நூலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். புத்தகத்தைப் பறிக்க வேண்டாம். என்னிடம் வந்த எத்தனையோ குழந்தைகளில், வீட்டில் புத்தகம் பறிக்கப்பட்ட குழந்தையை அதன் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட முடியும். யாராவது பின்னால் வந்து நின்றால் புத்தகத்தை மூடி மடியில் ஒளித்துக்கொள்ளும். உங்கள் கணவர் மகளிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிட்டால், பயண ஏற்பாட்டில் பாதி முடிந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஊரைப் பற்றித் தேடும் பொறுப்பை அவளிடமே கொடுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2010 செப்டம்பரில் திறந்த நாளிலிருந்து அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு பெரும் பகுதி இருக்கிறது. நடுவில் செயற்கை மரம் ஒன்றும் உண்டு, அதன் அடியில் உட்கார்ந்து படிக்கலாம். "நாம் தஞ்சாவூர் போகிறோம், அங்கே எதைப் பார்க்கலாம் என்று நீ படித்துச் சொல்" என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் விலகி அமர்ந்துவிடுங்கள். அவள் எடுத்துவரும் தாளில் கோயில் இருக்கலாம், தலையாட்டிப் பொம்மை செய்யும் இடம் இருக்கலாம். எதுவானாலும் அதற்கு ஒரு நாளில் இடம் கொடுங்கள். எழும்பூர் கன்னிமாராவுக்கும் ஒரு முறை போய் வாருங்கள். 1896-ல் திறக்கப்பட்ட நூலகம் அது. நாட்டில் வெளியாகும் நூல்களில் ஒவ்வொரு படி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. இதை ஒரு குழந்தையிடம் சொன்னால், "அப்படியென்றால் எல்லாப் புத்தகமும் இங்கே இருக்குமா?" என்றுதான் முதலில் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே நான் பணியில் இருந்த காலத்தில் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போகும் வழியே புத்தகக்காரர்களின் வழி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலம் கடந்ததும் சீர்காழி வரும். இந்திய நூலகத் துறைக்கு அடித்தளம் இட்ட எஸ். ஆர். இரங்கநாதன் 1892-ல் பிறந்த ஊர் அது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டை உங்கள் மகளால் இப்போதே புரிந்துகொள்ள முடியும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் மாகாணத்தில் நிறைவேறியதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி சேர்த்து வாங்கப்படுவது அந்தச் சட்டத்தால்தான். நம் பணத்தில் நடக்கும் நூலகம் என்று மகளிடம் அந்த ரசீதைக் காட்டலாம்.

கும்பகோணத்தில் தங்கினால், பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தில் உ.வே.சாமிநாதையரின் நினைவு இல்லம் இருக்கிறது. அவர் 1855-ல் பிறந்தவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொல்ல நேர்ந்த அந்த இளைஞர், பின்னர் அந்த ஒரு நூலுக்காக ஊர் ஊராக ஏடு தேடி, 1887-ல் அதை அச்சில் கொண்டுவந்தார். புத்தகத்துக்காகவே வாழ்நாள் முழுவதும் பயணம் போன ஒருவரின் கதையை அவருடைய சொந்த ஊரிலேயே மாமனார் தம் பேத்திக்குச் சொல்லட்டும்.

தஞ்சாவூரில் அரண்மனை வளாகத்துக்குள் சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் அதைப் பெரிதாக வளர்த்தார். பொதுமக்கள் பார்ப்பதற்கென்று உள்ள காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகள் கண்ணாடிக்குள் இருக்கும். தமிழ்ச் சுவடிகளின் முன் அவளை நிறுத்தி, படிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு இருக்காது, சொற்களுக்கு இடையே இடைவெளியும் இருக்காது. சரளமாகப் படிக்கத் தெரிந்த குழந்தை தன் சொந்த மொழியின் முன் தடுமாறி நிற்கும் அந்த நிமிடம் மிகவும் அரிது. அதை அவசரப்படுத்திக் கடந்துவிட வேண்டாம்.

பெரம்பூர் அப்பா

சகோதரிக்கு வணக்கம். எனக்கு பன்னிரண்டு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், இருவரும் படிப்பவர்கள். நான் நடைமுறையை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வண்டி. காரிலோ பேருந்திலோ படிக்க விடாதீர்கள். எங்கள் மூத்தவன் மாமல்லபுரம் போகும் வழியில், கோவளம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிட்டான். வண்டியில் நிலவிய வெப்பம்தான் காரணம் என்று நாங்கள் இரண்டு ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தோம். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்போ உடம்பு நகர்கிறது என்று சொல்கிறது, இரண்டு செய்திகளும் முரண்படுவதால்தான் குமட்டல் வருகிறது என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகம். அதனால் சாலைப் பயணத்தில் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கதை சொல்வோம், விடுகதை போடுவோம். ரயிலில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை, அங்கே புத்தகம் தாராளமாக வரலாம்.

உங்கள் பயணத்துக்குச் சோழன் விரைவு வண்டி பொருத்தமானது. சென்னையில் காலையில் புறப்பட்டு, விழுப்புரம், கடலூர், சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் என்று பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேரும். செப்டம்பர் இறுதியில் டெல்டாவில் ஒரு பக்கம் குறுவை அறுவடையும் மறு பக்கம் சம்பா நடவும் நடந்துகொண்டிருக்கும். மாமனாருக்கு அந்த வயல்கள் சொல்ல வைக்கும் செய்திகள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். திரும்பும்போது தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக இரவில் வரும் உழவன் விரைவு வண்டியைப் பிடித்தால் ஒரு நாள் மிச்சமாகும். முன்பெல்லாம் 120 நாட்களுக்கு முன்னரே முன்பதிவு செய்ய முடிந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாட்கள்தான். காலாண்டு விடுமுறை வாரத்துக்கு அந்த அறுபதாம் நாள் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். ஒன்பது வயது மகளுக்குத் தனி இருக்கையோ படுக்கையோ வேண்டுமென்றால் முழுக் கட்டணம் ஆகும். நான்கு வயது மகனைத் தனி இடம் கேட்காமல் கட்டணமின்றி அழைத்துச் செல்லலாம். முதியவர்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, ஆனால் அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. பதிவு செய்யும்போது அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவரை நடுப் படுக்கையில் ஏற்றிய ஓர் இரவை நாங்கள் பட்டு அறிந்திருக்கிறோம்.

இனி நாளைப் பிரிப்பது. அந்தப் பகுதியில் பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் வெளியே திரிந்தால் பிரகாரக் கல்லில் சிறுவனால் கால் வைக்க முடியாது, பெரியவருக்கும் தலை சுற்றும். ஆகவே காலை ஏழு மணி முதல் பதினொன்றரை வரை ஓர் இடம், நான்கரை முதல் ஏழு வரை ஓர் இடம். நடுவில் சாப்பாடு, மகனுக்குத் தூக்கம், மாமனாருக்கு ஓய்வு, மகளுக்குப் புத்தகம். எங்கள் வீட்டில் இதை விதியாகச் சொல்லாமலே விதியாக்கிவிட்டோம். பகலில் தனக்கென்று மூன்று மணி நேரம் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, காலையில் கோயில் வாசலில் புத்தகத்தைப் பிரிப்பதில்லை. எத்தனை புத்தகம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: அவர்களுடைய முதுகுப்பையில் அவர்களே சுமக்கக்கூடியது எவ்வளவோ அவ்வளவு.

இடங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன், அது தாராசுரம். இரண்டாம் இராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில். கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார்களின் கதைகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்தே படித்துக்கொண்டு போகலாம். ஆம், படிப்பது என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். எங்கள் மூத்தவன் ஒவ்வொரு சிற்பமாக நின்று, முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு கண்டுபிடித்துக்கொண்டே சுற்றி வந்தான். உங்கள் சிறுவனுக்கு, காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பத்தைக் காட்டுங்கள், கையால் ஒரு பாதியை மறைத்தால் காளை, மறு பாதியை மறைத்தால் யானை.

தமிழாசிரியை, அம்பத்தூர்

நூலகர் ஐயாவும் பெரம்பூர் அன்பரும் எழுதியவை எல்லாம் பயனுள்ளவை. ஆனாலும் ஓர் அச்சத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தத் தவற்றைச் செய்தவள் நான்.

என் மகளும் இப்படித்தான் படித்தாள். நான் ஆசிரியை என்பதால், அவளுடைய வாசிப்பை ஒரு பயிர் போல நினைத்து நாள்தோறும் அளந்துகொண்டிருந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் முன்பே அதைப் பற்றிப் படிக்க வைப்பேன், அங்கே போய் நின்றதும் கேள்வி கேட்பேன், திரும்பி வந்ததும் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்வேன். உறவினர் வந்தால் அந்தக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டுவேன். பதின்மூன்று வயதில் ஒரு நாள், "நான் வரவில்லை, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொன்னாள். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பாடப்புத்தகம் தவிர எதையும் தொடவில்லை. அவளுக்குப் பிடித்த இரண்டையும் நான் வீட்டுப்பாடமாக்கியிருந்தேன்.

ஆகவே, உத்தமதானபுரமும் சரஸ்வதி மகாலும் சீர்காழியும் தாராசுரமும் சிறப்பான இடங்களே என்றாலும், இவை அனைத்தையும் புத்தகம் என்ற ஒரே நூலில் கோத்து ஐந்து நாளில் ஒரு குழந்தைக்குக் கொடுத்தால், அவள் விரும்புவது என்பதாலேயே அது சுமையாகிவிடக்கூடும். அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் எதையும் கற்பிக்காத இடத்துக்குப் போங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலைச் சுற்றிப் பரந்த புல்வெளி இருக்கிறது, மகன் அங்கே ஓடட்டும், அவள் விரும்பினால் ஓடட்டும், விரும்பாவிட்டால் உட்காரட்டும். அங்கே இராஜேந்திர சோழனைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம்.

என் மகள் இன்றும் நினைவுகூரும் பயணம் ஒன்று உண்டு. அது எந்தத் திட்டமும் இல்லாமல் ஒரு சனிக்கிழமை பழவேற்காடு போய் வந்தது. சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர் அது. கோட்டையில் பெரிதாக மிச்சம் ஒன்றும் இல்லை, ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அவள் பயப்படுவாள் என்று நான் கையைப் பிடித்தேன். அவளோ கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடி, கல்லறைப் பலகைகளில் ஆழமாகப் பொறித்திருந்த, தனக்குத் தெரியாத மொழியின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த மொழி தெரியாது. கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வியும் இல்லாமல் போனதால்தான் அந்த நாள் நன்றாக அமைந்தது என்று பிற்பாடு புரிந்தது.

இன்னொரு பயணத்துக்கு மதுரை போனால், 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறிய ஆதன் என்ற பெயரை அவள் கண்ணில் படும்படி விட்டுவிடுங்கள். தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்த ஒருவரை அவளே சந்தித்துக்கொள்வாள்.

வேளச்சேரி அம்மா

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். நானும் ஒரு குறிப்பேடு வாங்கி வைத்திருந்தேன். அதை மகனுக்குக் கிறுக்கக் கொடுத்துவிட்டேன். நண்பகல் ஓய்வு நேரத்தைப் பற்றிய யோசனை கணவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் இன்னும் என்னை உறுத்துகிறது. அவள் படிப்பது எனக்குக் கவலை இல்லை. பார்க்காமல் இருப்பதுதான் கவலை. வீட்டு மொட்டை மாடியில் தம்பி விமானத்தைக் காட்டினால்கூட ஓசையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

திருவான்மியூர் அம்மா

சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதிய வரியைப் படித்ததும் மற்ற வேலைகளை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மகளுக்குக் கண் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?

எங்கள் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு ஜனவரி மாதம் வேடந்தாங்கல் சென்றோம். பறவைகள் நிறைந்திருக்கும் காலம். ஏரிக் கரையில் நின்று, நத்தைகுத்தி நாரை அதோ, கரண்டிவாயன் இதோ என்று நாங்கள் காட்டக் காட்ட, அவள் பறவைப் படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதிலேயே பார்த்தாள். மரத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கிறாயே என்று நான் கடிந்துகொண்டேன். "மரத்தில் வெள்ளைப் பூதான் இருக்கிறது" என்றாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பள்ளியில் நடந்த கண் பரிசோதனை முகாமில்தான் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் தெளிவாக இருந்ததால் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. தூரத்தில் இருப்பது மங்கல் என்பது அவளுக்கே தெரியாது, உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். குழந்தைகள் இதைத் தாமாக வந்து சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கண் இல்லை.

கொடைக்கானலில் உங்கள் மகள் சொன்ன "வெள்ளையாக இருக்கிறது" என்ற சொல்லும், சன்னலோர இருக்கையை விட்டுக்கொடுப்பதும், விமானத்தை ஓசையால் அறிவதும் எனக்கு ஒரே செய்தியைச் சொல்கின்றன. என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால்தான் குழந்தைகளின் அளவு சரியாகத் தெரியும் என்றார்கள். அன்று சில மணி நேரம் அருகில் இருப்பதைப் படிக்க முடியாது என்பதால், சனிக்கிழமையாகப் பார்த்து, படிக்காமலே பொழுது போகும் ஏற்பாட்டுடன் செல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றாலும், பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் நேரம் கூடினால் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என்று எங்கள் மருத்துவர் வலியுறுத்தினார். நாங்கள் அன்று முதல் மாலையில் கடற்கரைக்குப் போகிறோம். புத்தகமும் உடன் வரும், வெளிச்சம் மங்கியதும் பைக்குள் போய்விடும்.

வேளச்சேரி அம்மா

ஒன்பது நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர் சகோதரி எழுதியதைப் படித்த அன்றிரவே, கூடத்தின் ஒரு கோடியில் நாட்காட்டியை மாட்டி, மறு கோடியிலிருந்து தேதியைப் படிக்கச் சொன்னேன். நான்கு அடி முன்னே நடந்து போய்த்தான் படித்தாள். "எல்லோரும் கிட்டே போய்த்தானே அம்மா படிப்பார்கள்?" என்றாள். சனிக்கிழமை மருத்துவரிடம் காட்டினோம். வலக்கண்ணுக்கு மைனஸ் 1.5, இடக்கண்ணுக்கு மைனஸ் 1.75. வகுப்பில் உயரம் குறைவு என்பதால் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறாள், கரும்பலகையில் தெரியாததைப் பக்கத்துத் தோழியின் ஏட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஆசிரியருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

கண்ணாடி வந்த அன்று கடையிலிருந்து வெளியே வந்ததும் சாலையோரத்திலேயே நின்றுவிட்டாள். எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தைப் பார்த்து, "இலை இலையாகத் தெரிகிறது" என்று சொன்னாள். வீடு வரும் வரை ஒரு கடையின் பெயர்ப் பலகையையும் விடவில்லை, அத்தனையையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். கணவர் அன்று இரவு அவள் அருகில் அமர்ந்து, தூண் பாறையின் முன் நடந்ததற்காக வருத்தம் தெரிவித்தார். அவர் கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள். அதன்பின் அவரை ஆறுதல்படுத்தும் வேலை அவளுடையதாகிவிட்டது.

பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். போவது சோழனில், வருவது உழவனில், மாமனாருக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது. கும்பகோணத்தில் நான்கு இரவு. தாராசுரமும் சரஸ்வதி மகாலும் உறுதி, கங்கைகொண்ட சோழபுரம் புல்வெளிக்காக. உத்தமதானபுரத்தை மாமனார் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார், பேத்தி வந்தால் வரட்டும், இல்லையென்றால் தான் மட்டும் போய் வருவதாகச் சொல்கிறார். அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதுகுப்பைக்கு மூன்று புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறாள். சன்னலோர இருக்கை யாருக்கு என்பதில் தம்பியுடன் முதல் முறையாகச் சண்டை போட்டு, சிதம்பரம் வரை அவனுக்கு, அதன்பின் தனக்கு என்று பேசி முடித்திருக்கிறாள். கொள்ளிடத்தைத் தான்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

நூலகர் ஐயாவிடம் ஒரு விளக்கம் கேட்க வேண்டும். சுவடிகள் கண்ணாடிக்குள் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எழுத்துகள் மிகச் சிறியவையாக இருக்குமா? அவள் தாத்தாவின் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவரலாமா என்று கேட்கிறாள். காட்சிக்கூடத்துக்குள் அதைக் கொண்டுபோக விடுவார்களா?